தேரை கூப்பிட்ட திதி

எங்கள் வீட்டுப் பின்சுவரில் இருந்தது குருவி அல்ல, ஒரு தேரை என்பது எனக்குத் தெரியவரப் பல வருடங்கள் பிடித்தன. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். எதையும் அறிந்து வைத்திருப்பது நல்லது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தவர்கள் எவரும் என் அக்காவோடு ஒரு வீட்டில் குடியிருந்ததில்லை.

வீடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பிரான்சின் பரிஸ் நகரத்தில், லா சப்பலின் வடக்கு முனையில், பழைய கட்டடம் ஒன்றின் நிலத்தளம். முன்பக்கம் தெரு, பின்பக்கம் சமையல் செய்கிற குசினி. குசினிக் கதவைத் திறந்தால் ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்குச் சீமெந்துத் தரை. அதற்கப்பால் ஆளுயரத்துக்கு மேல் எழும்பிய கல்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம், ரயில் ஓடுவதை நிறுத்திப் பல காலமான தண்டவாளம், செடி கொடி மூடிக் கிடந்தது. வெயில் அந்த மூலையை எட்டிப் பார்த்ததே இல்லை. வீட்டைக் காட்டிய முகவர் அதைத் தோட்டம் என்று சொல்லித்தான் எங்கள் தலையில் கட்டினான்.

நானும் மனைவியும் அக்காவும் அங்கே இருந்தோம். அக்கா 2007இல் வந்து சேர்ந்தவர். அத்தான் பின்னால் வருவதாக ஏற்பாடு. வன்னியில் தண்ணீர்ப் பம்பி திருத்துகிற வேலை அவருக்கு. கையில் எடுத்த வேலைகளை முடித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று நின்றார். ஒருவருக்கும் கடன் வைக்கக் கூடாது என்று நினைக்கிற ஆள். அதற்குள் போர் இறுகி, வன்னியை விட்டு வெளியேறும் பாதையைப் பூட்டிவிட்டார்கள்.

2009 பிறந்தபோது நான் வேலை செய்த கடையில் வெளிநாட்டுக்குப் பேசுகிற தொலைபேசி அட்டைகள்தான் முக்கிய வியாபாரம். அந்த வருடம் விற்ற அளவுக்கு அட்டை அதற்கு முன்னும் விற்றதில்லை, பின்னும் விற்றதில்லை. வாங்குகிறவர்கள் கடை வாசலிலேயே நின்று சுரண்டி, இலக்கத்தை அழுத்தி, காதில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பக்கம் எடுக்க ஆளில்லை. மறுநாள் வந்து, அட்டை சரியில்லை என்று என்னோடு சண்டை பிடிப்பார்கள். அட்டையில் ஒரு பிழையும் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும். நானும் வாயை மூடிக்கொண்டு ஏச்சு வாங்கினேன். அத்தான் கடைசியாகத் தொலைபேசி எடுத்தது தை மாதத்தில். மழை விடாமல் பெய்கிறது, பதுங்குகுழிக்குள் தண்ணீர், தவளைகள் உள்ளே வந்து இருக்கின்றன, அவற்றோடுதான் இருக்கிறோம் என்று சிரித்துக்கொண்டு சொன்னாராம். பிறகு எடுக்கிறேன் என்று வைத்தவர்தான்.

வைகாசியில் ஒரு பின்னேரம். இங்கே அந்த மாதத்தில் பொழுதுபட ஒன்பதரை ஆகும். முன் அறையில் தொலைக்காட்சி ஊர்ச் செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அக்கா குசினியில் அரிசி கழுவிக்கொண்டு நின்றார். திடீரென்று குழாயைப் பூட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, கேக்குதோ?"

கேட்டது. பூ... என்று ஒரு சத்தம். புல்லாங்குழலில் ஒரே ஒரு ஓட்டையை ஊதிவிட்டு நிறுத்தியது போல. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதே பூ. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சின்ன வயதில் ஊரில், நோயில் விழுந்த வருத்தக்காரர் கிடக்கிற வீட்டுப் பக்கத்தில் ஒரு குருவி இப்படிக் கத்தினால் பெரியவர்கள் பேச்சை நிறுத்தி ஆளை ஆள் பார்ப்பார்கள்.

"சாக்குருவி," என்றார் அக்கா. சாவை முன்கூட்டிச் சொல்லும் என்று ஊரில் நம்புகிற சின்ன ஆந்தை அது.

என் மனைவி உடனே ஓடிவந்து உப்பைத் தேடினாள். அவளுடைய வீட்டில், சாக்குருவி கத்தினால் அடுப்பு நெருப்பில் உப்பை அள்ளிப் போட்டுத் துரத்துவார்களாம். எங்கள் குசினியில் இருந்தது மின்சார அடுப்பு. தட்டைச் சூடாக்கி அதில் உப்பைக் கொட்டினாள். அது பொரிந்து முகத்தில் தெறித்ததே தவிர, சுவரில் சத்தம் நிற்கவில்லை. வேறொரு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அக்கா பின்கதவைத் திறந்து படியில் இருந்து, அது முடியும் வரை கேட்டார்.

இரண்டொரு நாளில் குளித்துவிட்டு வந்தவரின் நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்திலும் ஒன்றுமில்லை.

"என்ன வேலை இது, அக்கா?"

"அவர் போயிட்டார்."

"ஆர் சொன்னது?"

"சொன்னதை நீயும் கேட்டனிதானே."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பரிஸில் இருக்கிற குருவிக்கு வன்னியில் யார் உயிரோடு, யார் இல்லை என்று எப்படித் தெரியும் என்று கத்தினேன். ஒரு குருவியை நம்பித் தாலியைக் கழற்றிய ஆளை உலகத்தில் எங்கும் பார்த்ததில்லை என்றேன். அக்கா அழவில்லை. தாலிக்கொடியைச் சேலைத் துண்டில் சுற்றி அலுமாரியில் வைத்தார். அன்று இரவு, மாதக் கணக்கில் கண் மூடாதிருந்த மனுசி அடித்துப் போட்டது போலத் தூங்கினார்.

ஆண்டுத் திவசம் வந்தபோது கோயில் ஐயரிடம் போனோம். பெயர், நட்சத்திரம் எல்லாம் கேட்டுவிட்டு, "திதி தெரியாட்டிப் பறுவாயில்லை அம்மா. அமாவாசையிலை செய்யலாம். கன சனம் இப்ப அப்பிடித்தான் செய்யினம்," என்றார்.

"எனக்குத் தெரியும்," என்றார் அக்கா. "வைகாசி, தேய்பிறை அட்டமி."

ஐயர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்தேன். அவர் குறித்துக்கொண்டார். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லாதபடியால் வருடா வருடம் கிரியையில் இருந்தது நான்தான். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒருவருக்கு அந்தக் காரியத்தைச் செய்கிறபோது, முதல் வருடம் ஐயர் இரண்டு தரம் கேட்ட பிறகுதான் அத்தானின் பெயரைச் சொன்னேன். பிறகு பழகிவிட்டது. எதுவும் பழகத்தான் செய்கிறது.

திவசத்தன்று அக்கா அத்தானுக்கு விருப்பமான கறிகளைச் சமைத்துப் படைத்து, ஒரு பங்கைப் பின்சுவரின் மேல் வைப்பார். காகம் வரும். மிச்சத்துக்கு எறும்பும் பூச்சியும் வரும். ஒவ்வொரு இளவேனிலிலும் பொழுதுபடும் நேரத்தில் அந்தப் பூ என்கிற சத்தமும் வரும். அக்கா அதற்குப் பயப்படவில்லை. "சொல்லுறதைச் சொல்லிப்போட்டுது. இப்ப சும்மா வந்து போகுது," என்பார்.

உண்மையைச் சொன்னால், எங்கள் தெருவில் ஆள் காணாமற்போன வீடுகளில் எங்கள் வீட்டில் மட்டும்தான் நித்திரை இருந்தது. மற்றவர்கள் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். ஊரிலிருந்து புதிதாக ஒருவன் வந்து இறங்கினால் அவனைச் சுற்றி நின்று, இந்த முகத்தைக் கண்டாயா என்று கேட்டார்கள். சாத்திரக்காரனிடம் போய், உயிரோடு இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு வந்து இனிப்புக் கொடுத்தார்கள். அக்காவோ சேலைக் கடையொன்றில் சட்டை தைக்கிற வேலைக்குப் போனார். பிரெஞ்சு வகுப்புக்குப் போனார். தேர்த் திருவிழாவில் தேங்காய் உடைக்கிற இடத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்ததை ஒரு வருடம் கண்டேன். அவருக்குச் சாவு வந்து முடிந்திருந்தது. மற்றவர்களுக்கு வரவும் இல்லை, போகவும் இல்லை.

பல வருடம் கழித்து, அந்தப் பழைய தண்டவாளத்தின் ஒரு துண்டில் அக்கம்பக்கத்துச் சனங்கள் சேர்ந்து தோட்டம் போட்டார்கள். ஒரு சின்னக் குட்டையும் வெட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சும்மா உள்ளே போய்ப் பார்த்தேன். குட்டைக்குப் பக்கத்தில், பரிஸையும் சுற்றியுள்ள பிரதேசத்தையும் சொந்த இடமாகக் கொண்ட, நீரிலும் நிலத்திலும் வாழ்கிற தவளை போன்ற உயிர்களின் படங்களைப் பலகையில் வரைந்து வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்ச் சொறித்தவளை போல ஒரு பெரிய தேரை. பாய்வதற்கென்றே பிறந்த நீட்டுக்கால் தவளை. வயிறு செம்மஞ்சளாக, பல்லி போல வாலோடு தண்ணீரில் கிடக்கிற ஒன்று. கறுப்பு உடம்பில் மஞ்சள் திட்டுத் திட்டாக, காட்டுச் சருகுக்குள் வாழ்கிற சாலமாண்டர். கடைசியில் ஒரு குட்டித் தேரை, சாம்பல் நிறம், பெருவிரல் அளவு. பின்கால்களில் பாசிமணி மாலை போல ஏதோ சுற்றியிருந்தது. முட்டைகள். ஆண்தான் அவற்றைப் பொரிக்கும் வரை காலில் சுமந்து திரியுமாம். அதனால் அதற்கு மருத்துவிச்சித் தேரை என்று பெயர். பழைய சுவர் இடுக்குகளில் வாழும். பொழுதுபடும் நேரத்தில் ஒற்றைச் சுரத்தில் கூப்பிடும். பலர் அதைச் சின்ன ஆந்தை என்று நினைத்து ஏமாறுவார்கள் என்று போட்டிருந்தது.

அதை நான் நின்ற இடத்திலேயே மறுபடியும் வாசித்தேன். கைத்தொலைபேசியில் அதன் சத்தத்தைத் தேடிக் காதோடு வைத்துக் கேட்டேன். பூ.

வீட்டுக்கு வந்து மனைவியைக் குசினிக்குள் இழுத்து மெதுவாகச் சொன்னேன். அவள் கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னை முறைத்தாள்.

"இஞ்சாருங்கோ, வாயைத் திறக்கப்படாது. மச்சாள் ஒழுங்கா நித்திரை கொள்ளுற மனுசி. அதைக் கெடுக்காதேங்கோ."

நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு இளவேனில் அந்தத் தேரை கூப்பிட்டது, அக்கா கேட்டார், நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன். ஐயருக்கு முன்னால் தர்ப்பையோடு இருக்கிறபோது மட்டும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். யாருக்கு இதைச் செய்கிறேன் என்று கேட்கத் தோன்றும். கேட்டு என்ன ஆகப் போகிறது.

2018 சித்திரை மாதக் கடைசியில், தோட்டத்துக்காரப் பெண் ஒருத்தி எங்கள் கதவைத் தட்டினாள். பின்சுவரின் கல் இடுக்குகளை அடைத்துப் பூசப் போகிறார்கள், அதற்கு முன் உள்ளே இருக்கும் தேரைகளைப் பிடித்துக் குட்டைக்கு மாற்ற வேண்டும், சுவரின் இந்தப் பக்கத்துக்கு உங்கள் குசினி வழியாக மட்டும்தான் வரலாம் என்றாள். நல்ல மரியாதையான பெண். வாளியும் ஈரப்பாசியும் கொண்டு சனிக்கிழமை பொழுதுபட வருகிறேன் என்றாள். அன்று அக்காவைக் கோயிலுக்கு அனுப்பிவிடலாம் என்று நானும் மனைவியும் கணக்குப் போட்டோம். ஆனால் வீட்டுக்கு ஆள் வருகிறபோது வெளியே போவதா என்று அக்கா வடை சுட்டுத் தேத்தண்ணீரும் வைத்தார்.

அந்தப் பெண் படியில் இருந்து வடையைக் கடித்துக்கொண்டு கதை சொன்னாள். குளிர்காலம் முடிகிற நேரத்து மழையில் தேரைகள் தாங்கள் பிறந்த குளத்துக்குத் திரும்பிப் போகுமாம். இடையில் தார் ரோட்டு. ஆயிரக்கணக்கில் கார்ச் சக்கரத்தில் நசிபடும். அதனால் வடக்கே காட்டுப் பக்கத்தில் ரோட்டோரமாகச் சின்ன வலை கட்டி, அங்கே தடைப்பட்டு நிற்கிறவற்றைப் பொறுக்கி, வாளியில் வைத்து மறுகரைக்குக் கொண்டுபோய் விடுவார்களாம். அக்கா ஒவ்வொன்றையும் மொழிபெயர்க்கச் சொன்னார்.

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்தான். எண்ணி எழுதியும் வைக்கினமாம்."

"நல்ல மனிசர்," என்றார் அக்கா, மனதாரத்தான்.

எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெண்மேல் ஒரு கோபமும் இல்லை. வாளியோடு மழையில் நிற்கிறவர்கள்மேலும் இல்லை. நின்றார்களே என்றுதான் எரிந்தது. போரின் கடைசியில் எங்கள் சனம் கடல்கரையில் ஒரு துண்டு நிலத்துக்குள் நெரிபட்டுக் கிடந்தபோது, அப்பால் தூக்கி விட ஒரு வாளி வரவில்லை. எண்ணி எழுதவும் ஒருவரும் இல்லை. எழுதியிருந்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு தேரை வந்து செய்தி சொல்லியிருக்க வேண்டியதில்லை.

வானம் மங்கியது. அந்தப் பெண் கைத்தொலைபேசியை எடுத்துச் சுவருக்குக் கிட்டப் பிடித்து ஒரு பதிவைப் போட்டாள். பூ... என்றது தொலைபேசி. அக்காவின் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சுவரின் அடியிலிருந்து, அதே சுரத்தில், அதே இடைவெளியில், பூ என்று பதில் வந்தது. அவள் தரையில் முழங்காலிட்டு, ஒரு கல்லை மெல்ல அசைத்து எடுத்து, விளக்கைப் பிடித்தாள். உள்ளே அது இருந்தது. தொண்டை விம்மி அடங்கியது. பின்கால்களில் முட்டைச் சரம். நன்றாகத் தின்று கொழுத்திருக்கிறது என்று வியந்தபடி அவள் அதை எடுத்து வாளியில் விட்டாள். எங்கள் படையலுக்கு வந்த பூச்சிகளாக இருக்கும்.

மொழிபெயர்க்க ஒன்றுமே இருக்கவில்லை.

அவள் என்னிடம் திரும்பி, இந்தச் சத்தத்தை எப்போதிலிருந்து கேட்கிறீர்கள் என்றாள். நான் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் "எப்போதிலிருந்து" என்பது அக்காவுக்கு விளங்குகிற பிரெஞ்சு. விசா அலுவலகத்தில் எந்த யன்னலுக்குப் போனாலும் கேட்கிற முதற்கேள்வி அது. அக்கா தன் வகுப்புப் பிரெஞ்சில், இரண்டாயிரத்து ஒன்பது, மே மாதம் என்று தெளிவாகச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குத் தாங்க முடியாத சந்தோசம். இந்தத் தெருவில் இதை அவ்வளவு காலத்துக்கு முன் கேட்டவர்கள் ஒருவரும் இல்லையாம். நன்றி சொல்லி அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அக்கா குனிந்து வாளிக்குள் பார்த்தார்.

"தம்பி, அப்ப அண்டைக்குக் கூப்பிட்டதும் இதுதானோ?"

"அது வேறை, அக்கா. அண்டைக்கு வந்தது குருவிதான். இது பிறகு வந்திருக்கும்."

"விசர்க்கதை கதையாதை. எனக்குச் சத்தம் தெரியாதே?"

அதற்குமேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. ஓம் என்றேன். அக்கா தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். என் மனைவி அந்தப் பெண்ணை வழியனுப்பிவிட்டு வந்து, குசினியில் நின்றபடியே அழுதாள். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. அத்தானின் சாவுக்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி வாளிக்குள் போய்விட்டது.

காலையில் அக்கா தலைமுழுகி, பெரிய பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். தாலிக்கொடியும் கழுத்தில் இருந்தது. முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அன்றோடு நித்திரை போயிற்று. கைத்தொலைபேசியைக் குளியலறைக்கும் கொண்டுபோனார். தெரியாத இலக்கம் அடித்தால் தையலை எறிந்துவிட்டு ஓடினார் என்று கடை முதலாளி முறைப்பட்டார். அத்தானின் படத்தைச் சட்டைப் பையளவில் பல பிரதிகள் எடுத்தார். புதிதாக வந்து இறங்கிய பெடியன்களைத் தெருவில் மறித்து விசாரித்தார். அந்தப் பெடியன்கள் அத்தான் காணாமற்போனபோது பள்ளிக்கூடம் போகிற வயது. "இத்தனை வருசமா இருக்கிற மனுசனைச் செத்தவரெண்டு படைச்சுப்போட்டன்," என்று சொல்லிச் சொல்லித் தன்னையே நொந்துகொண்டார். அவருக்குப் பிடித்த கறியைக் காகத்துக்கு வைத்தேனே என்று ஒருநாள் தலையில் அடித்துக்கொண்டார்.

சுவரைப் பூசி முடித்தார்கள். சாம்பல் நிறத்தில், ஒரு எறும்பு நுழைய இடமில்லாமல். பொழுதுபட்டால் பின்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அக்கா அதையும் நல்ல செய்தியாகத்தான் எடுத்தார்.

வைகாசித் தேய்பிறை அட்டமி வந்தது. திவசம் வேண்டாம் என்று அக்கா சொல்லியிருக்கவில்லை. ஐயர் வழமைபோலக் காத்திருப்பார் என்று, காலையில் கடையில் வாழையிலையும் வாழைக்காயும் பூசணியும் வாங்கிக்கொண்டு வந்து குசினி மேசையில் வைத்தேன். அக்கா பையைத் திறந்து பார்த்தார்.

"இதெல்லாம் ஆருக்கு?"

நான் பையிலிருந்த பூசணியை எடுத்து வெளியே வைத்தேன்.

"உயிரோடை இருக்கிற ஆளுக்கு ஆரும் படைக்கிறதோ, தம்பி?" கோபமாகக் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்வது போலத்தான் சொன்னார். வாழையிலையை எடுத்து ஈரத்துணியால் துடைத்து, மடித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"அத்தானுக்கு இந்த வருசம் அறுபது முடியுது. அறுபதாங் கலியாணம் செய்ய வேணும். நீ ஒருக்கா ஐயரிட்டைப் போய்க் கேள். ஆள் வந்து சேரக் கொஞ்சம் பிந்தினாலும், இப்பவே நாள் பாத்து வைக்கலாமோ எண்டு."

நான் கோயிலுக்கு நடந்தேன். ஐயர் எள்ளும் தர்ப்பையும் எடுத்து வைத்துவிட்டு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.